காய்ச்சலுக்கு லட்டு

கட்டுநாயக்க விமான நிலையத்தில் என் பையைப் பார்த்து ஒரு இயந்திரம் கத்தியது.

பைக்குள் இரண்டு சாரன், ஒரு சேட், ஒரு டோச் லைட், தங்கச்சி கட்டித் தந்த புட்டு. வேறு ஒன்றும் இல்லை. சீருடை போட்ட ஒரு பெண் சின்னத் துணித் துண்டால் பையைத் துடைத்து, அந்தத் துண்டை இயந்திரத்துக்குள் வைத்தாள். அது கத்தியது. மறுபடி துடைத்தாள். மறுபடி கத்தியது. அவள் கையைத் தூக்கினாள். இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவன் வயர்லெஸ்ஸில் கதைத்தான். பெரியவர் ஒருவர் வந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. அது நான் வயலுக்குக் கொண்டு போகிற பை. யானையை விரட்டக் கொளுத்துகிற யானை வெடி போட்டு வைக்கிற பை. கழுவிக் காயவைத்துத்தான் எடுத்து வந்தேன். இயந்திரத்துக்கும் மூக்கு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

"இதில் என்ன வைத்திருந்தாய்?" என்று பெரியவர் சிங்களத்தில் கேட்டார்.

"யானை வெடி" என்றேன்.

"எந்த ஊர்?"

"கல்முனை. வயல் இறக்காமத்தில்."

தொப்பி, தாடி, கல்முனை, வெடி. நல்ல சேர்மானம் இல்லை. பக்கத்தில் தங்கச்சி ரிசானா யாசீன் ஓதத் தொடங்கினாள். அதுவும் உதவியாக இல்லை.

பெரியவர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். வெடித் திரி சுட்ட தழும்புகள் இருந்தன. "இந்தப் போகம் யானை வந்ததா?" என்று கேட்டார்.

"ஒன்று. தனியன். ஒரு காது கிழிந்தது."

அவர் முகம் மாறியது. அவருடைய மனைவியின் ஊர் அம்பாறைப் பக்கமாம். போன வருடம் யானை வந்து குசினிச் சுவரை உடைத்து ஒரு மூடை அரிசியைத் தின்றுவிட்டுப் போனதாம். "மாமியார் உள்ளேதான் இருந்தார். அவரை மட்டும் தொடவில்லை" என்றார். அதை அவர் சந்தோஷமாகச் சொன்னாரா துக்கமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. பையை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நான் ஒரு சொப்பின் பேக்கோடு வெளிநாடு போனேன்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பரிசோதித்த பெண் அன்பாக, தங்கச்சியின் மகள் ஹனாவைக் கமுக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கி வாங்குப் பலகையில் வைக்கப் பார்த்தாள். பிள்ளை போட்ட சத்தத்தில் இயந்திரம் தோற்றது. இன்னும் நான்கு பேர் ஓடி வந்தார்கள்.

ஹனாவைக் கமுக்கட்டில் பிடித்துத் தூக்கக் கூடாது. நாலு வயது. பிறந்தவுடன் எல்லாப் பிள்ளைக்கும் இடது தோளில் போடுகிற காசத் தடுப்பூசியை அவளுக்கும் போட்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு தழும்பு வரும். அவளுக்கு அந்தப் பக்கத்துக் கமுக்கட்டில் நெறி கட்டியது. உடைந்தது, ஆறியது, மறுபடி கட்டியது. இப்போது தேசிக்காய் அளவு. தொட்டால் அலறுவாள். ஊசிக்குள் இருப்பது பலமில்லாத கிருமி. உலகத்தில் எல்லாரிடமும் தோற்கிற கிருமி. இவள் ஒருத்தியிடம் வென்றுவிட்டது. இடையில் வயிற்றுக் காய்ச்சல் வேறு வந்து வந்து போனது.

இவளுக்கு முன்னால் ஒரு ஆண் பிள்ளை இருந்தது. அதற்கும் இதே இடத்தில் நெறி. கைக்குழந்தையிலேயே மௌத்தாகிவிட்டது. இரண்டு கதையையும் சேர்த்துக் கேட்ட கொழும்பு டொக்டர் ஒருவர்தான், இது சாதாரண காசம் இல்லை, பிள்ளையின் உடம்புக் காவலில் ஏதோ பிழை, சென்னையில் இரத்தம் பார்க்க வேண்டும் என்றார்.

ஹனாவின் வாப்பா நிசார் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். அதனால் மாமன் நான் போனேன். வழியில் கதைக்க ஆள் தேவை என்றால் யாரும் என்னைக் கூட்டிப் போக மாட்டார்கள். தூக்க ஆள் தேவையாக இருந்தது. ஒரு கை முழங்காலுக்குக் கீழ், ஒரு கை முதுகுக்குப் பின்னால். பெரிய சோற்றுத் தட்டு, சஹன், தூக்குவது போல.

சென்னையில் இறங்கியதும் ஆட்டோ பிடித்தோம்.

"சிலோனா பாய்?" என்றான் ஆட்டோக்காரன்.

"ஓம்."

கண்ணாடியில் என் தொப்பியைப் பார்த்தான். "பாய், நீங்க ஓம்னு சொல்றீங்க."

"எங்கட ஊரில எல்லாரும் சொல்றதான்."

"ஹஜரத்துமா?"

"அவர்தான் கூடச் சொல்ற."

ஒரு சந்தியில் ஆட்டோ நின்றது. இறங்கித் தள்ளச் சொன்னான். தங்கச்சியும் பிள்ளையும் உள்ளே இருக்க நான் தள்ளினேன். மேடு வந்தது. அவனும் இறங்கவில்லை. சென்னைக்குள் நான் நடந்துதான் போனேன்.

லொட்ஜ் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில். எல்லா அறையிலும் நோயாளிகளும் அவர்களுடைய ஆட்களும். காலையில் சாம்பார் தந்தார்கள். பகலும் சாம்பார். இரவில் கேட்காமலே சாம்பார். நல்ல சாமான்தான். ஆனால் மீன் எங்கே என்று தேடித் தேடிச் சாப்பிடுவது களைப்பு. பிளேன் டீ கேட்டால் ஏன் பால் வேண்டாம், உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்கள்.

அடுத்த நாள் டொக்டரைக் கண்டோம். பெண். என்னைவிட இளையவர். கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டு மேசை முழுக்கக் கண்ணாடி தேடினார். ரிசானா எடுத்துச் சொன்ன பிறகு எங்கள் மேல் அவருக்கு மரியாதை வந்தது.

"நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?" என்று கேட்டார்.

"மாமிட மகன்" என்றாள் ரிசானா.

"உங்க அப்பா அம்மா?"

"அவகளும் மச்சான் மச்சாள்தான்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். ரிசானாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "நல்ல மாப்பிள வீட்டுக்குள்ளயே இரிக்கக்குள்ள ஊரெல்லாம் தேடுறயா டொக்டர்?"

"இங்கேயும் இதே பதில்தான் சொல்வாங்கம்மா. இங்க தாய்மாமனே கட்டிக்கிறதும் உண்டு" என்று அவர் என்னையும் ஹனாவையும் பார்த்தார். நான் அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக் கதிரையைத் தள்ளிப் போட்டேன்.

குறை சொல்லவில்லை என்றார். சொந்தத்துக்குள் கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே ஓட்டை இருந்தால் அது பிள்ளையில் சந்திக்கும், அவ்வளவுதான் என்றார். வயிற்றுக் காய்ச்சல் முட்டையாலும் வரும், அரை அவியல் முட்டை கொடுப்பதுண்டா என்று கேட்டார். ரிசானா மின்விசிறியைப் பார்த்தாள். "இனிமே வேண்டாம். நல்லா வேகட்டும்" என்றார்.

மறுநாள் காலை இரத்தம் எடுக்கிற இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

இதற்குக் கொஞ்சம் வயல் கதை சொல்ல வேண்டும். நான் வேளாண்மைக் காவலுக்குப் போகிறவன். பரணில் இருப்பேன். கூப்பிடு தூரத்தில் எதிர்ப் பரண், அது மீராசாவுடையது. யானை தெரிந்தால் நான் கூக்காட்டுவேன். அவன் திருப்பிக் கூக்காட்ட வேண்டும். அந்தப் பதில் வராமல் வெடி கொளுத்துவதில்லை. தனி ஆளாகக் கொளுத்தினால் யானை சத்தம் வந்த பக்கமே திரும்பும். பதில் வந்தால் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது என்று யானைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போது வெடி. யானை காட்டுக்குப் போகும். மீராசா தூங்கிவிட்டால் நான் வெடியைக் கையில் வைத்துக்கொண்டு யானை தின்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அந்த நேரத்தில் அவனைப் பற்றி நான் சொல்வதை இங்கே எழுத ஏலாது.

ஹனா இதை விளையாட்டாகப் பழகி வைத்திருக்கிறாள். ஊசி போடுகிற அறைக்குள் போனால் உள்ளே இருந்து கூக்காட்டுவாள். நான் வெளியே இருந்து திருப்பிக் கூக்காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையை நீட்டுவாள். கல்முனை நேர்ஸ்மாருக்குப் பழகிவிட்டது. சென்னையில் சொல்ல மறந்துவிட்டோம்.

நீளமான வராந்தா. அமைதி காக்கவும் என்று எழுதி இருந்தது. எல்லாரும் காத்தார்கள். உள்ளே இருந்து ஹனா கூக்காட்டினாள். வயலில் எப்படியோ அப்படியே நான் பதில் கொடுத்தேன். ஒருவர் டீப் போத்தலைக் கீழே போட்டார். சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் எழும்பி நின்றார்.

காவலாளி ஓடி வந்தான். "யோவ் பாய், எதுக்குக் கத்துற?"

"பதில் சொன்னன்."

"யாருக்கு?"

கதவைக் காட்டினேன். கதவுக்குள் இருந்து இரண்டாவது கூ வந்தது. ஊசி இரண்டு போலும். காவலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "வேணாம் பாய்."

கூக்காட்டினால் பதில் கொடுக்காமல் இருப்பது எனக்குப் பழக்கம் இல்லை. கொடுத்தேன். அவன் என் முழங்கையைப் பிடித்தான். அந்த நேரம் பார்த்து டொக்டர் வந்தார்.

தன் அறையில் இருத்தி என்ன என்று கேட்டார். பரண், மீராசா, வெடி எல்லாம் சொன்னேன். அன்று நான் கதைத்தது எனக்கு ஒரு வருடத்துக்குக் காணும்.

"அந்த மீராசா தூங்கிட்டா?" என்று கேட்டார்.

"யானை தின்னும்."

"நீங்க முழிச்சிருந்தும்?"

"முழிச்சிருந்தும்."

டொக்டர் மேசையில் தட்டினார். "இதுதான் பாய் உங்க பிள்ளைக்கு."

பிறகு விளக்கினார். எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். உடம்பில் விழுங்குகிற அணு என்று ஒன்று உண்டு. தோல், நுரையீரல், நெறி, எல்லா இடத்திலும் பரண் போட்டு இருக்கிறது. கிருமி வந்தால் விழுங்கிவிடும். ஆனால் இந்த வகைக் கிருமி விழுங்கினாலும் சாகாது. விழுங்கினவனின் வயிற்றுக்குள்ளேயே குடும்பம் நடத்தும். கொல்வதற்கு அந்த அணுவுக்கு வேகம் ஏற வேண்டும். தானாக ஏறாது. அது ஒரு நீரை வெளியே விட்டு மற்றவர்களைக் கூப்பிடும்.

"பக்கத்துல வேற ரெண்டு வகை வெள்ளை அணு இருக்கு" என்றார். "ஒண்ணு ரவுடி. ஒரு செல்லு கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா விசாரணையே கிடையாது, அடிதான். இன்னொண்ணு போலீஸ் மாதிரி, பழைய கிருமியோட மூஞ்சியை ஞாபகம் வெச்சுக்கும். கூப்பிடுறது இந்த ரெண்டுக்கும் கேட்கணும். கேட்டா அவங்க பதிலுக்கு வேற ஒரு நீரை விடுவாங்க. அந்தப் பதில் வந்து சேர்ந்தாதான் விழுங்கின அணு உள்ள இருக்கிறதைக் கொல்லும். அதுவரைக்கும் வெடியைக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

"சத்தம் கேட்டா முதல்ல பொடியனுகள் கொஞ்சம் ஓடி வருவானுகள்" என்றேன். "அது இல்லயா?"

"இருக்கே. கும்பலா ஓடி வந்து கும்பலா சாகும். சீழ்னு பார்க்குறீங்களே, அதுல பெரும்பாலும் அவங்கதான்."

இத்தனை காலமும் ஹனாவின் கமுக்கட்டில் நான் துடைத்துப் போட்டது மையித்துகள் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு ஜனாஸாத் தொழுகை கூட இல்லை.

"அப்ப நல்ல பலமான மருந்தாத் தாங்க" என்றேன்.

"நாலு வருஷமா அதைத்தானே குடுத்துட்டு இருக்காங்க. மருந்து உங்க வெடி மாதிரி. யானை கொஞ்சம் தள்ளி நிக்கும். காவல் சரியில்லைன்னா திரும்பி வரும்."

நான் யோசித்தேன். "இவட உடம்பில ஆர் பிழை? நானா, மீராசாவா?"

"அதைத்தான் இந்த ரத்தத்துல தேடப்போறோம்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க கூப்பிடுறது மீராசாவுக்குக் கேட்கலைன்னா, பதில் வராது. அப்படி இருந்தா நல்லது. அந்தப் பதிலை நாங்களே ஊசியில போடுவோம். ஆனா மீராசா ஒழுங்கா பதில் சொல்லி, அது உங்க காதுல விழலைன்னா, எத்தனை ஊசி போட்டாலும் பிரயோஜனம் இல்ல."

"அப்ப?"

"காவல்காரனையே மாத்தணும். வேற ஒருத்தரோட எலும்பு மஜ்ஜை. பழைய காவலை முழுசா அழிச்சுட்டுப் புதுசு வைக்கணும். இந்தச் சின்ன உடம்புக்கு அது பெரிய வேலை." ரிசானா ஹனாவோடு அப்போதுதான் உள்ளே வந்தாள். அவள் கேட்டது இந்த மஜ்ஜைக் கதை மட்டும்தான்.

அன்று அஸர் தொழுதுவிட்டு, மீராசா செவிடாக இருக்க வேண்டும் என்று துஆச் செய்தேன். வாழ்க்கையில் முதல் தடவை.

முடிவு வர ஒரு கிழமைக்கு மேல் போகும் என்றார்கள். காத்திருந்தோம். காத்திருப்பது எனக்குத் தொழில். ரிசானாவுக்கு இல்லை. அறையில் இருந்தால் பிள்ளையின் நெறியைப் பார்த்துப் பார்த்து அழுவாள். அதனால் வெளியே கூட்டிப் போனேன்.

பஸ்ஸில் ஏறி வெறுமையாக இருந்த ஆசனத்தில் ஹனாவைத் தூக்கிக்கொண்டு இருந்தேன். ஒரு பெண் வந்து நின்று பார்த்தாள். நானும் பார்த்தேன். "லேடீஸ் சீட்" என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது பக்கம் முழுக்க என்றாள். எழும்பி வலது பக்கம் போனேன். முதியோர் என்றார்கள். அதற்குப் பின்னால் போனேன். அங்கே ஒருவர் வெற்றிலை துப்ப இடம் பிடித்து வைத்திருந்தார். கல்முனை பஸ்ஸில் இப்படிப் பிரிவு இல்லை. எல்லாரும் எல்லார் மேலும் இருப்போம்.

கடற்கரைக்குப் போனோம். அவ்வளவு சனம், ஒரு வலை இல்லை. கடலுக்கு வந்து கடலைப் பார்த்துவிட்டுச் சுண்டல் தின்று போகிறார்கள். எங்கள் ஊரில் கடலை யாரும் சும்மா பார்ப்பதில்லை. ஏதாவது கேட்கத்தான் பார்ப்போம். ஆனால் கடல் கிழக்கே இருந்தது. அதில் மட்டும் எனக்குத் திசை தப்பவில்லை.

புரியாணிக் கடை ஒன்றில் நான் பழக்கத்தில் மூன்று பேருக்கும் ஒரே தட்டில் போடச் சொன்னேன். எங்கள் பக்கம் கலியாண வீட்டில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து தின்போம். சேர்வர் எங்களைப் பாவமாகப் பார்த்துவிட்டு, ஒரு தட்டுப் புரியாணியும் கேட்காமலே அளவுக்கு மேல் கத்தரிக்காய்க் கறியும் வைத்தான். பிறகுதான் ரிசானாவுக்கு நினைவு வந்தது, பிள்ளைக்குத் தனித் தட்டு என்று டொக்டர் சொல்லியிருந்தார். மறுபடி தட்டுக் கேட்டபோது அவனுக்கு எங்கள் மேல் இருந்த பாவம் போய்விட்டது.

லொட்ஜ் மொட்டை மாடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு அடுப்பு. எங்கள் பக்கத்து அறையில் வங்காளத்துப் புருசன் பெண்சாதி, கைக்குழந்தையோடு. அந்தப் பெண்ணும் ரிசானாவும் ஒரு சொல் விளங்காமல் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். அவள்தான் மீன் சந்தையைக் காட்டினாள். அவள் கடுகில் சமைத்தாள், ரிசானா தேங்காய்ப் பாலில் ஆணம் வைத்தாள். அவள் எங்கள் சட்டியை எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள். லொட்ஜ் மனேஜருக்கு அந்த மொழி கொஞ்சம் வரும். "செத்த மீனை எதுக்குப் பால்ல குளிப்பாட்டுறீங்கன்னு கேக்குறாங்க" என்றார். இரண்டையும் நான் சாப்பிட்டேன். இரண்டும் நல்லம்.

மீராசா ஊரில் இருந்து போன் எடுத்தான். "மச்சான், உன்ட பரணுக்கும் சேத்துக் காவல் பாக்கன்" என்றான்.

"தூங்கிறயா?"

"சும்மா கண்ணயர்றதான்."

"நல்லம். தூங்கு" என்றேன்.

அவன் பயந்துவிட்டான். "என்ன மச்சான், உனக்குச் சொகமில்லயா? அங்க டொக்டர்மார்ட்டக் காட்டினயா?"

அன்று மாலை மாடியில் உடுப்புக் காயப் போடும்போது ரிசானா என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். எங்கள் பக்கம் மூத்த சகோதரன் காக்கா. "காக்கா, மத்தது எண்டு வந்தா?"

"மஜ்ஜ எடுப்பாங்க."

"ஆருட?"

"என்டய எடுக்கட்டும்."

"பொருந்தணுமாம்."

"பொருந்தாட்டி உன்ட."

"அதும் பொருந்தாட்டி?"

ஒரு சாரனை உதறிப் போட்டேன். அவள் அதை எடுத்து மறுபடி உதறிப் போட்டாள்.

டொக்டர் கூப்பிட்ட அன்று ரிசானா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுப் பின்னால் வந்தாள். நான் தூக்கிப் போனேன். டொக்டர் கண்ணாடியைத் தேடவில்லை. அது மூக்கில் இருந்தது.

"மீராசா செவிடு பாய்" என்றார்.

நான் கதிரையில் இருந்தேன். ரிசானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்த மீராசா? வயல்ல நிக்கிற மீராசாவா? அவருக்கு என்ன?" என்று என்னை உலுக்கினாள். டொக்டர் சிரித்துச் சிரித்து மறுபடி முதலில் இருந்து சொன்னார். கூப்பிடுகிறவன் நல்லவன், அவனுக்குக் காதும் நல்லம். பதில் சொல்ல வேண்டிய ஆட்களுக்குத்தான் காது இல்லை. பதிலை ஊசியில் போடலாம்.

பிறகு சிரிப்பை நிறுத்தினார். "கவனமாக் கேளுங்க. ஊசி போட்டா அனேகமா காய்ச்சல் வரும். பயப்படாதீங்க. பதில் போய்ச் சேர்ந்திருக்குன்னு எடுத்துக்கலாம். குணமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அக்குள்ல இருக்கிற கட்டி வத்தணும், அதுதான் கணக்கு. மாசக்கணக்கா ஆகும். பழைய மருந்தும் நிறுத்தக் கூடாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

ஊசி தொடையில். உள்ளே இருந்து ஹனா கூக்காட்டினாள். வராந்தாவில் அதே காவலாளி நின்றான். "குடு பாய், டாக்டர் சொல்லிட்டாங்க" என்றான். நான் வாயைத் திறக்க முன்னம் அவனே ஒரு தடவை கூக்காட்டிப் பார்த்தான். அந்தச் சத்தத்துக்கு யானை இல்லை, கோழி கூட எழும்பாது. ஹனா காலை நீட்டவில்லை என்று உள்ளே இருந்து நேர்ஸ் சொன்னாள். நான் கூக்காட்டிய பிறகுதான் வேலை நடந்தது.

லொட்ஜுக்கு வந்து காய்ச்சலுக்குக் காத்திருந்தோம்.

பகல் வரவில்லை. அஸர் ஆனது, வரவில்லை. ரிசானா பிள்ளையின் நெற்றியில் கை வைப்பாள், எடுப்பாள், தன் நெற்றியில் வைப்பாள். நாலு வருடமாகக் காய்ச்சல் வரக் கூடாது என்று நேர்ச்சை வைத்தவள், அன்று வா வா என்று கேட்டுக்கொண்டு இருந்தாள். நான் ஜன்னலால் றோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

பொழுது சாயும் நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால், ஹனா குளிருது என்றாள். போர்வை போட்டோம். பற்கள் அடித்தன. ரிசானா நெற்றியில் கை வைத்தாள். வைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"காக்கா, சுடுது."

நானும் வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு. கீழே இறங்கி ஒரு கடையில் லட்டு வாங்கினேன்.

முதல் லட்டு மனேஜருக்கு. "என்ன விசேஷம் பாய்?" என்று கையில் வாங்கினார்.

"புள்ளைக்குக் காய்ச்சல்."

லட்டு வாய்க்குப் பக்கத்தில் நின்றது. "ஐயையோ. இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா ஏறுது" என்றேன்.

அவர் லட்டை மேசையில் வைத்துவிட்டார். நான் மாடி ஏறும் வரை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே வங்காளத்துப் பெண் ஹனாவின் நெற்றியைத் தொட்டு அழுதுகொண்டு இருந்தாள். ரிசானா அழுகையும் சிரிப்புமாக அவளுடைய கண்ணைத் துடைத்துக்கொண்டு இருந்தாள். நான் இருவருக்கும் லட்டுக் கொடுத்தேன். நிசாருக்குப் போன் போட்டேன்.

"புள்ளைக்குக் காய்ச்சல்" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான். லொறியை ஓரம் கட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கதைத்த நீண்ட போன் அதுதான்.

இன்னும் சில ஊசி அங்கே போட்டார்கள். ரிசானா போடப் பழகினாள். தோடம்பழத்தில் குத்திப் பழகி, பிறகு என்னில் தண்ணீர் ஊசி போட்டுப் பழகினாள். தோடம்பழம் கெட்டிக்காரப் பழம், அது ஒன்றும் சொல்லவில்லை என்றேன். மருந்தைக் குளிரில் வைத்துக் கொண்டு போக வேண்டும். வங்காளத்துக்காரர் ஒரு ரெஜிபோம் பெட்டி, அங்கே தெர்மோகோல் என்பார்கள், தந்தார்கள். ஐஸ் கட்டிப் பொதி வைத்து அடைத்தோம்.

கொழும்பில் கல்முனை பஸ்ஸில் ஏறப் போனால் கொண்டக்டர் கையை நீட்டி மறித்தான். "மீன் பெட்டி உள்ளுக்கு ஏலா."

"மீன் இல்ல. மருந்து."

குனிந்து மணந்து பார்த்தான். "மீன் காக்கா இது."

அவன் பிழை இல்லை. வங்காளத்துக்காரர் முன்னர் அதில் மீன்தான் வைத்திருந்தார்கள். இயந்திரத்தின் மூக்கும் சரி, கொண்டக்டரின் மூக்கும் சரி. நான்தான் எப்போதும் பிழையான பெட்டியோடு போகிறேன். திறந்து காட்டினேன். சின்னப் போத்தல்களைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பெட்டி" என்று இடம் விட்டான். கல்முனை வரும் வரை அதை மடியில் வைத்திருந்தேன். ஹனா என் தோளில், பெட்டி மடியில். இரண்டும் குலுங்கக் கூடாது. மகியங்கனை வளைவுகளுக்கு அது தெரியவில்லை.

வீட்டில் ரிசானா பிரிட்ஜில் ஒரு தட்டை மருந்துக்கு ஒதுக்கினாள். அயலில் இருந்து தண்ணீர்ப் போத்தல், இறைச்சிப் பொதி என்று கொண்டு வந்து வைக்கிற எல்லாரையும் துரத்தினாள். கரண்ட் போனால் நான் ஐஸ் கடைக்கு ஓடினேன். ஊசி போட்ட அன்று காய்ச்சல் வரும், மறுநாள் போகும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், காய்ச்சலுக்குச் சந்தோஷப்படுகிற வீட்டை முதல் தடவை கண்டார்கள். சென்னைக்குப் போய்ப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒரு கதை பள்ளிவாசல் வரை போனது.

நெறி வற்றுகிறதா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவில்லை. ரிசானா குளிப்பாட்டும்போது பார்ப்பாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். முகத்தில் ஒன்றும் எழுதி இருக்காது.

அடுத்த போகம் வேளாண்மை கதிர் தள்ளக் குடலை வைத்த நேரம் ஒரு காலையில், ரிசானா சோறு கட்டிக்கொண்டு ஹனாவோடு வயலுக்கு வந்தாள். மீராசாவும் சோற்று மணத்துக்கு என் பரணடிக்கு வந்தான். யானை வந்தால் வராத ஆள், சோற்றுக்கு முதல் ஆள். ஹனா பரணில் ஏற வேண்டும் என்றாள்.

நான் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தால் மீராசா குனிந்து, பிள்ளையின் இரண்டு கமுக்கட்டுக்குள்ளும் கையைக் கொடுத்துவிட்டான். அவனுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.

"மீராசா, வேணாம்" என்று கத்தினேன். வழக்கம்போல அவனுக்குக் கேட்கவில்லை. தூக்கிவிட்டான். ரிசானா சோற்றுப் பொதியைக் கீழே போட்டாள்.

பிள்ளை அந்தரத்தில் நின்றாள். சத்தம் இல்லை. தோளை ஒடுக்கி நெளிந்தாள்.

"கூசுது" என்று சிரித்தாள்.

மீராசா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவளைக் கீழே இறக்கினான். "என்ன மச்சான்? என்ன செஞ்சிட்டன்?"

ரிசானா வரம்பில் இருந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்டுமில்ல" என்றேன். "இன்னொருக்காத் தூக்கு."